கல்லறை திறந்த சுல்தான்: 'முகமது பின் துக்ளக்' நாடகத்தில் அங்கதமும் அதன் இலக்கும்

தமிழ் மேடை நாடக வரலாற்றில் அரசியல் அங்கதத்திற்கென ஒரு தனி இடத்தைப் பெற்றுத்தந்த படைப்பு, சோ ராமசாமி (1934-2016) எழுதி 1968இல் மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்' ஆகும். 1971இல் அவரே அதனைத் திரைப்படமாக இயக்கினார். அதற்கு முன்பே, 1970 சனவரி 14 அன்று தாம் தொடங்கிய இதழுக்கும் அந்த நாடகத் தலைவனின் பெயரையே சூட்டிக்கொண்டார். ஒரு நாடகப் பாத்திரத்தின் பெயர் ஓர் இதழின் பெயராகி அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருப்பது தமிழில் அரிய நிகழ்வு. எனினும் இந்நாடகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆசிரியரின் ஆளுமையைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. பாராட்டுவோர் அவருடைய துணிவைப் பாராட்டுகின்றனர். மறுப்போர் அவருடைய அரசியலை மறுக்கின்றனர். நாடகம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, அச்சிரிப்பு எவ்வழியில் பிறக்கிறது என்னும் வினாக்கள் அவற்றிற்கு இடையே நழுவிவிடுகின்றன. நாடகத்தின் கதை நிகழுமிடமாகிய தில்லியிலிருந்து, குறிப்பாகத் தில்லித் தமிழரின் பண்பாட்டு வாழ்வு குவிந்துள்ள ஆர்.கே.புரத்திலிருந்து நோக்கும்போது அவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன.

நாடகத்தின் கதை எளியது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் முகமது பின் துக்ளக்கும் அவன் அவையிலிருந்த பயணி இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிருடன் வெளிப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது. ரங்காச்சாரி என்னும் வரலாற்றறிஞர் அதற்குச் சான்று பகர்கிறார். உலகம் வியக்கிறது. துக்ளக் தேர்தலில் நின்று வென்று இந்தியாவின் பிரதமராகிறான். வந்தவர்கள் உண்மையில் சுல்தானும் பயணியும் அல்லர், நாட்டின் சீர்கேட்டை மக்களுக்கு உணர்த்துவதற்காக வேடமிட்ட இளைஞர்கள் என்பது பின்னரே தெரிகிறது. உரிய வேளையில் வேடத்தைக் கலைத்துவிடுவது என்பதே அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு. ஆனால் வேளை வரும்போது துக்ளக் வேடதாரி பதவியை விட மறுக்கிறான். உண்மையைச் சொல்ல முற்படும் தோழனுக்கு எதிராகவே கூட்டத்தைத் திருப்பிவிடுகிறான்.

வரலாற்றோடு ஒப்பிடின் இக்கதையின் அடித்தளமே ஒரு நகைப்பு என்பது விளங்கும். முகமது பின் துக்ளக் 1325 முதல் 1351 வரை ஆண்டவன்; சிந்துவில் தட்டா நகருக்கருகே படையெடுப்பின்போது இறந்தவன். தில்லியின் தென்கிழக்கே துக்ளகாபாத் கோட்டைக்கு எதிரில், தன் தந்தை கியாசுதீனின் கல்லறை மாளிகையிலேயே அவனும் அடக்கம் செய்யப்பட்டதாகக் கொள்வர். இபின் பதூதாவோ 1330களில் தில்லிக்கு வந்து, நீதிபதியாகப் பணியாற்றி, பின்னர்ச் சீனத்துக்குத் தூதனாக அனுப்பப்பட்டு, இறுதியில் மொராக்கோ திரும்பி அங்கேயே மறைந்தவர். ஆகவே தில்லியில் எவர் எத்தனை ஆழம் தோண்டினாலும் பதூதா கிடைக்கமாட்டார். இவ்வுண்மையைப் பாடநூல் அளவில் அறிந்தவர் ஒருவர் எழுந்து கேட்டிருந்தால் நாடகத்திலுள்ள மோசடி முதற்காட்சியிலேயே உடைந்திருக்கும். எவரும் கேட்பதில்லை. அறிஞர் ஒருவர் கூறிவிட்டார் என்பதே போதுமானதாகிறது. இது ஆசிரியரின் வரலாற்றுப் பிழையா, திட்டமிட்ட அமைப்பா என்று வாதிடலாம். எவ்வாறாயினும், புலமை என்னும் முத்திரை கேள்வியை அடக்கிவிடும் என்னும் குத்தல் அங்கே நிற்கிறது. ஆய்வுத்துறையினர் இக்குத்தலைத் தம்மை நோக்கியதாக ஏற்பது தகும்.

தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுவார். இந்நான்கில் எள்ளலே அங்கதத்திற்கு உரியது எனப் பொதுவாகக் கருதப்படும். இந்நாடகத்தில் எள்ளலைவிட மடனே மிகுதியாக இயங்குகிறது. பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தலே மடன் என்பர். கல்லறையிலிருந்து வந்தவன் சுல்தான்தான் என்று நம்பிய கூட்டம், அவன் பிறப்பிக்கும் ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு நியாயத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. துக்ளக் வாதிட வேண்டியதே இல்லை. மேடையில் அவன் பேச்சு சுருக்கமாகவும், கேட்போரின் வியப்பு நீளமாகவும் அமைவதே இந்நாடகத்தின் நகைச்சுவை உத்தி எனலாம்.

அவ்வாணைகளுள் இரண்டு தனித்து நோக்கத்தக்கவை. முதலாவது, கட்சி மாறித் தன் பக்கம் வரும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் துணைப் பிரதமர் பதவி வழங்குதல். இன்றைய வாசகருக்கு இது வெறும் மிகையாகத் தோன்றக்கூடும். 1968ஆம் ஆண்டுப் பார்வையாளருக்கு அது அவ்வளவு மிகையன்று. 1967 பொதுத்தேர்தலில் காங்கிரசு 283 மக்களவை இடங்களையே பெற்றது. மாநிலங்கள் பலவற்றில் ஆட்சியை இழந்தது. மொரார்ஜி தேசாய் துணைப் பிரதமராக அமர்த்தப்பட்டது உட்கட்சிச் சமரசத்தின் விளைவு என்பதை நாளிதழ் படிப்போர் அனைவரும் அறிந்திருந்தனர். அதே ஆண்டில் அரியானாவின் கயா லால் என்னும் சட்டமன்ற உறுப்பினர் இரு வார காலத்திற்குள் மும்முறை கட்சி மாறி, இந்திய அரசியல் வழக்கிற்கு 'ஆயா ராம், கயா ராம்' என்னும் தொடர் தோன்றக் காரணமானார். கட்சித் தாவலை ஆராய ஒய்.பி. சவாண் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, பல மாநிலங்களில் கட்சி மாறிய 210 உறுப்பினர்களுள் 116 பேர் அமைச்சர்களானதைக் கண்டறிந்தது. பாதிக்கு மேற்பட்டோர்க்குப் பதவி கிடைத்தது என்பது குழுவின் கணக்கு. அனைவர்க்கும் கிடைத்தது என்பது நாடகத்தின் கணக்கு. அங்கதம் இங்கே செய்த வேலை, எஞ்சிய 94 பேருக்கும் நீதி வழங்கியதுதான்.

மேடை காட்டிய நோயைச் சட்டம் மெதுவாகவே தொட்டது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் 52ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் வழி வந்தது. அமைச்சர் எண்ணிக்கை அவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் வரம்பு 2003இன் 91ஆம் திருத்தத்தால் வந்தது. துக்ளக்கின் அமைச்சரவை சட்டப்படி இயலாததாவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. நாடகத்தால் சட்டம் வந்தது என்று கூறுவது பொருந்தாது. ஆனால் மேடையின் கற்பனையை அரசமைப்பு இத்தனை நெருக்கமாகப் பின்தொடர்ந்தமை அக்கற்பனையின் நடப்பியல் தன்மைக்குச் சான்றாகும்.

இரண்டாவது ஆணை, பாரசீகத்தைத் தேசிய மொழியாக்குதல். 1965இல் தமிழகம் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கொந்தளித்தது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. 1968 சனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டிலேயே ஒரு மேடை மன்னன் எழுந்து, இந்தியும் வேண்டா, ஆங்கிலமும் வேண்டா, பாரசீகமே இனித் தேசிய மொழி என்கிறான். எவருக்கும் தாய்மொழி அல்லாததால் எவருக்கும் சலுகையில்லை. இன்னல் அனைவர்க்கும் சமம். இவ்வாதத்தின் வடிவம் மொழிச் சமத்துவம் பற்றி அக்காலத்தில் மேடைதோறும் கேட்ட வாதங்களின் வடிவமே. வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளீட்டை மட்டும் மாற்றுவதால் நகை பிறக்கிறது. இதில் இன்னொரு முரண் உண்டு. பாரசீகம் தில்லிக்கு அன்னியமன்று. சுல்தான்கள் காலந்தொட்டு நூற்றாண்டுகளாக அரசவை மொழியாக விளங்கி, 1837இல்தான் கும்பினி ஆட்சியால் நீக்கப்பட்டது. சாமானியர் பேசாத மொழியில் தில்லி ஆணை பிறப்பிப்பது புதிதன்று என்னும் செய்தி அந்நகைக்குள் மறைந்து கிடக்கிறது. ஆயினும் இங்கே ஒரு குறையையும் சுட்டவேண்டும். திணிப்பவனையும் எதிர்ப்பவனையும் ஒரே ஏளனத்தால் அளக்கும்போது, 1965இல் உயிரிழந்தோரின் துயரம் அந்த அளவைக்குள் அடங்காமல் வெளியே நின்றுவிடுகிறது. அங்கதம் சமன்செய்து சீர்தூக்கும் கோலன்று. எனினும் எடை மிகுந்த தட்டு எதுவென்று அறியாததுபோல் நடிக்கும்போது அது தன் கூர்மையை இழக்கிறது.

அங்கதச் செய்யுளைத் தொல்காப்பியர் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்துவது அனைவரும் அறிந்தது. வெளிப்படையாகப் பழிப்பது முதல்வகை. பழியைச் சொல்லுக்குள் மறைத்து வைப்பது பழிகரப்பு. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று அவன் வேல்களின் பளபளப்பை ஔவையார் புகழ்ந்த புறநானூற்றுப் பாடல் (95) இரண்டாம் வகைக்கு மாணவர் முதலில் கற்கும் எடுத்துக்காட்டு. அங்கே புகழ்ச்சியே பழிப்பு. சோவின் துக்ளக்கும் பழிகரப்பின் வழியிலேயே நடக்கிறான். அமைப்பைத் தாக்கிப் பேசுவதில்லை, அதனை மெச்சி, அதன் விதிகளை இறுதிவரை கடைப்பிடிக்கிறான். கட்சித் தாவலைக் கண்டிக்காமல் அதனை முறைப்படுத்துகிறான். இதற்கு முன்னர்த் தமிழ் மேடையில் ஓங்கியிருந்த அரசியல் நகை பெரும்பாலும் செம்பொருள் வகையைச் சார்ந்தது. எம்.ஆர். ராதா மேடையிலிருந்து பார்வையாளரை நேருக்கு நேர் நோக்கிப் பேசிய ஏளனம் அதன் உச்சம் எனலாம். அவ்வகை ஏளனத்தை அடக்கவே 1954இல் சென்னை மாகாண நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவரப்பட்டது என்பது நாடக வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அச்சட்டத்தின்கீழ் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். 2013இல்தான், நாடகக் கலைஞரும் இதழாளருமான ஞாநி தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. ஆக, 1968இல் துக்ளக் மேடையேறியபோது முன்னதாகவே ஒரு காவல் அதிகாரி பிரதியைப் படிக்கும் நிலை இருந்தது. பழிகரப்பு இலக்கணத் தேர்வு மட்டுமன்று, பிழைக்கும் வழியுமாகும். சோவின் முந்தைய நாடகமான 'சம்பவாமி யுகே யுகே' அரசின் கெடுபிடியைச் சந்தித்ததை இதனோடு சேர்த்தெண்ணலாம்.

இனி, நகையின் இலக்கு பற்றிய வினா. துக்ளக் என்னும் பெயரைக் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் நான்காண்டுகள் முன்னரே, 1964இல், நாடகமாக எழுதியிருந்தார். அந்நாடகம் இந்துஸ்தானியில் பெயர்க்கப்பட்டு, இப்ராகிம் அல்காசியின் இயக்கத்தில் தில்லிப் பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே 1970களில் நிகழ்த்தப்பட்டமை இந்திய நாடக வரலாற்றின் பெருநிகழ்வுகளுள் ஒன்று. கர்னாடின் துக்ளக் கனவு கண்டு தோற்றவன். அவனை நேரு காலத்து இலட்சியங்களின் சரிவோடு பொருத்திப் படிப்பது மரபாகிவிட்டது. அங்கே துன்பம் அரசனின் உள்ளத்தில் நிகழ்கிறது. சோவின் துக்ளக்குக்கு உள்ளமே இல்லை; அவன் ஒரு வேடம். துன்பம், அப்படி ஒன்று இருக்குமானால், அவனை நம்புவோரிடத்தில் நிகழ்கிறது. ஒரே சுல்தானைக் கொண்டு ஒருவர் ஆள்பவனை ஆராய்ந்தார், மற்றவர் ஆளப்படுபவரை ஏளனம் செய்தார். முன்னதை அவல நாடகமென்றும் பின்னதைக் கேலிக்கூத்தென்றும் தரம்பிரித்து ஒதுக்குவது எளிது, ஆனால் நேர்மையன்று. வாக்காளர் ஏன் நம்புகின்றனர் என்னும் வினாவைக் கர்னாட் எழுப்பவில்லை, சோ எழுப்பினார்.

எழுப்பிய வினாவுக்கு அவர் தந்த விடை ஏற்கத்தக்கதா என்பது வேறு. மக்கள் அறிவிலிகள், ஆகவே ஏமாறுகின்றனர் என்பதே நாடகத்தின் மேற்பரப்பு விடை. 1967இல் தமிழக வாக்காளர் ஓர் ஆட்சியை அகற்றி மற்றொன்றை அமர்த்திய மறு ஆண்டு, சென்னைச் சபாக்களின் இருக்கைகளில் அமர்ந்து அவ்வாக்காளரைப் பார்த்துச் சிரித்தவர் யாவர் என்று கேட்டல் தவிர்க்கவியலாதது. சபா நாடகத்தின் பார்வையாளர் பெரும்பாலும் நகர்ப்புற, கல்வி பெற்ற, அலுவலகம் சார்ந்த நடுத்தர வகுப்பினர். அரசியலில் தம் செல்வாக்கு குறைந்துவருவதை உணர்ந்த ஒரு பிரிவினர்க்கு இந்நகை ஆறுதலாக இருந்திருக்கக்கூடும். ஏளனத்தின் பெரும்பங்கு அரசியல்வாதிக்கும் வாக்காளருக்கும் ஒதுக்கப்பட்டு, ஆணைகளைக் கோப்பாக்கி, கையொப்பமிட்டு, நாடெங்கும் செயற்படுத்தும் அலுவலர் வகுப்புக்குச் சிறு பங்கே விடப்பட்டிருப்பதை இப்பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆர்.கே.புரம் என்னும் இடம் இங்கேதான் ஆய்வுக்குள் வருகிறது. விடுதலைக்குப் பின் மத்திய அரசு ஊழியர்க்கென உருவான குடியிருப்புகளுள் பெரியவற்றில் ஒன்று அது. செக்டர் எண்களால் அறியப்படும் அதன் வீடுகளில் தமிழகத்திலிருந்து பணி நிமித்தம் வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் அங்குள்ளது. வாயிலில் வள்ளுவர் சிலை நிற்கிறது. உள்ளே நாடகங்களும் பட்டிமன்றங்களும் நடக்கும் அரங்கம் இருக்கிறது. 1973இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திர் அதே பகுதியில். தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், முகமது பின் துக்ளக் எழுப்பிய சகான்பனா நகரின் எச்சமான விசய் மண்டல் சிதைந்து நிற்கிறது. புதுதில்லியின் மையத்திலோ, அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் குடியிருக்கும் சாலை ஒன்றுக்குத் துக்ளக் சாலை என்றே பெயர். பெயரிட்டவர்க்கு நகைச்சுவை நோக்கம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

சென்னைப் பார்வையாளருக்குத் தில்லி ஒரு தொலைதூரக் குறியீடு. ஆர்.கே.புரத்துத் தமிழருக்கு அது காலை ஒன்பது மணிப் பேருந்து. துக்ளக்கின் ஆணை அவர் மேசைக்குத்தான் வரும். பாரசீகத்தில் குறிப்பெழுத வேண்டியவரும் அவரே. வரலாற்றுத் துக்ளக் 1327 அளவில் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றிய செய்தியை இங்கு நினைவுகூரலாம். தில்லி மக்கள் ஒருவர் விடாமல் பெயர்க்கப்பட்டனர் என்பது பதூதா, பரணி முதலியோர் விட்டுச்சென்ற சித்திரம். பிற்கால வரலாற்றாய்வாளரோ, பெயர்ந்தோர் பெரும்பாலும் அரசவையினர், அலுவலர், சமய அறிஞர் ஆகியோரின் குடும்பங்களே எனக் கருதுவர். அதாவது, துக்ளக்கின் புகழ்பெற்ற பைத்தியக்காரத்தனம் உண்மையில் ஓர் இடமாற்ற உத்தரவு; அதனால் மூட்டை கட்டியவர் அரசு ஊழியர். தேவகிரியிலிருந்து மதுரை வரை நீண்ட தெற்கு அவன் காலத்திலேயே கைநழுவியது. 1330களின் நடுவில் மதுரை ஆளுநர் தன்னுரிமை அறிவித்துக்கொண்டார். அவருடைய மகளைத்தான் பதூதா மணந்தார். நாடகத்துப் பதூதாவைத் தமிழ்நாட்டு மருமகன் என்று அழைக்கச் சான்று உண்டு. சோ அதனைப் பயன்படுத்தாமல் விட்டது வியப்பே.

தில்லியில் வாழ்ந்து எழுதிய தமிழ்ப் படைப்பாளர் அதே நகரை வேறுவகையாகவே எள்ளினர். இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திரபூமி' தலைநகரின் பதவி அரசியலை உள்ளிருந்து காட்டுவது. அவருடைய 'மழை' நாடகத்தைத் தில்லியின் தட்சிண பாரத நாடக சபா மேடையேற்றியது. டெல்லி கணேஷ் பெயரிலேயே நகரைச் சுமந்ததும் அச்சபாவின் வழிதான். இந்திரா பார்த்தசாரதியின் ஏளனம் கூட்டத்தை நோக்கியதன்று. படித்த தனிமனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை நோக்கியது. சோ விட்டுவைத்த வகுப்பை அவர் எடுத்துக்கொண்டார் எனலாம். இருவரையும் ஒருசேரப் படித்தாலன்றித் தலைநகர் பற்றிய தமிழ் அங்கதம் முழுமையுறாது.

ஆயினும் 'முகமது பின் துக்ள'க்கை மக்கள் மீதான இகழ்ச்சி என்று மட்டும் மூடிவிட இயலாதபடி அதன் இறுதிக்காட்சி தடுக்கிறது. ஏமாற்றத்தை ஏமாற்றத்தால் அம்பலப்படுத்தப் புறப்பட்டவன் பதவியின் சுவையறிந்து வேடத்திலேயே தங்கிவிடுகிறான். உண்மை பேச வந்த நண்பன் துரோகியாகிறான். வசையோடு நசையும் கலந்தது அங்கதம் எனத் தொல்காப்பியம் கூறும். நசை என்பதற்கு உரையாசிரியர் கொள்ளும் பொருள் எதுவாயினும், விருப்பம் என்னும் நேர்ப்பொருள் இந்நாடகத்திற்கு அச்சமூட்டும் அளவிற்குப் பொருந்துகிறது. பழிப்பவனுக்குப் பழிக்கப்படும் பொருள்மீதே வேட்கை. முதற்பகுதியில் மக்களின் மடனைக் கண்டு சிரித்த பார்வையாளர், அச்சிரிப்பைத் தமக்குக் கற்பித்தவனையே தாம் நம்பியிருந்ததை இறுதியில் உணர்கின்றனர். கூட்டத்தை நம்பவைத்த அதே திறத்தால் அரங்கும் நம்பவைக்கப்பட்டிருந்தது. இங்கே நகை நின்றுவிடுகிறது. நாடகத்தின் ஆகச் சிறந்த பகுதி நகைப்பில்லாத இப்பகுதியே என்பது மிகையாகாது.

ஆசிரியர் தம் இதழுக்குத் துக்ளக் எனப் பெயரிட்டதை இவ்விறுதிக்காட்சியின் ஒளியில் வைத்துப் பார்க்கும்போது, அது தன்னையும் சேர்த்தே எச்சரித்துக்கொண்ட பெயராகத் தோன்றும். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975இல் அவ்விதழ் கறுப்பு அட்டையுடன் வெளிவந்தது அப்பெயருக்கு உரிய செயல். 1999 முதல் 2005 வரை அதன் ஆசிரியர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகத் தில்லியில் அமர்ந்ததும், பல்வேறு கட்சித் தலைவர்களுக்கு ஆலோசனை கூறுபவராகக் கருதப்பட்டதும் அப்பெயரை வேறொரு கோணத்தில் நினைவூட்டுகின்றன. வாக்காளரை நம்பாத நாடகத்தின் ஆசிரியர் வாக்குக் கோராமலே அவை புகுந்தார் என்று ஒருவர் கூறலாம். துக்ளக்கைப் போலன்றி அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை என்று மற்றொருவர் மறுக்கலாம். இரண்டுமே உண்மை.

எஞ்சுவது பாடச் சிக்கல். அச்சில் கிடைக்கும் நாடகம் ஒன்று. மேடையில் நிகழ்ந்தது ஒவ்வோர் இரவும் வேறொன்று. அன்றைய நாளிதழ்ச் செய்தியை மாலைக் காட்சியில் செருகும் வழக்கம் இவ்வகை நாடகங்களின் உயிர். செய்தி மறக்கப்பட்டதும் நகைப்பும் மறைந்துவிடும். இன்றைய மாணவருக்கு 1968இன் துணைப் பிரதமரை அடிக்குறிப்பிட்டே விளக்க வேண்டியுள்ளது. மேடை வடிவங்களை மீட்டெடுக்க நடிகர் நினைவுகளும் இதழ் விமர்சனங்களும் ஓரளவே உதவும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலுக்காக அளிக்கப்பட்ட பிரதிகள் காவல்துறைக் கோப்புகளில் எஞ்சியிருக்குமாயின், எந்தத் தொடரின்மீது அதிகாரியின் சிவப்பு மை விழுந்தது என்பதிலிருந்து எந்த நகை சுட்டது என்பதைக் கண்டறியலாம். தமிழ் அங்கத நாடகத்திற்கு அவரைவிடக் கவனமான வாசகர் அக்காலத்தில் வேறெவரும் இருந்திருக்கமாட்டார்.